மணிவிழாவுக்குப் பெண் சம்மதமா?

ஜனவரி 6, திங்கள்

எனக்குக் கல்யாணம். செய்தியைச் சொன்னவர் பால்காரர்.

"மண்டபம் புடிச்சாச்சாம்லா உலகம்மாக்கா, ஆனந்தவல்லி மகாலு. அடுத்த மாசம் பத்தாந்தேதியாமே. பால் எம்புட்டு வேணும்னு முன்னாடியே சொல்லிப்போடுங்க" என்றார். யாருக்கு விசேஷம் என்று கேட்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

இவருக்கு அறுபது நிறைகிறது. ஆகவே மணிவிழா. ஆகவே என் கழுத்தில் இவர் மறுபடியும் ஒரு தாலி கட்டுவார். அறுபது நிறைகிறவர் இவர், கழுத்து என்னுடையது. மண்டபத்துக்காரருக்குத் தெரியும், சமையல்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியாது.

உள்ளே போய்க் கேட்டேன். "சொல்லணும்னு இருந்தேன்" என்று பேப்பரைத் திருப்பினார். திருக்கடையூருக்குப் போய் சிம்பிளாகச் செய்யலாமே என்று இவருடைய அக்கா, பாப்பா மைனி, சொல்லிப் பார்த்தாளாம். "அங்கன வரிசையா அம்பது ஜோடி உக்காந்திருக்கும்க்கா. அதுல நம்மள யாரு பாப்பா?" என்றாராம்.

இவர் பொதுப்பணியில் கண்காணிப்புப் பொறியாளர். தெருவே எஸ்.ஈ. என்று கூப்பிடுகிறது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். கையால் எழுதலாமா என்று யாரும் சொல்லவில்லை, எதற்கு வம்பு.

ஈரத் தலையோடு பேங்க்குக்குப் போனேன். காலையில் கோயிலுக்குப் போனேன் அல்லவா, தீர்த்தம் கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிட்டார்கள்.

ஜனவரி 9, வியாழன்

மணிவிழா மலர் போடுகிறார்கள். கெட்டி அட்டை, வழவழத் தாள், நிறைய வண்ணப் படங்கள். ஆசிரியர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் தாண்டவராயன். அவர் இந்த ஊரில் எழுதாத மணிவிழா மலர் கிடையாது. யாருக்கு எழுதினாலும் "பண்பின் சிகரம்" என்று தொடங்குவார். இத்தனை சிகரத்தையும் அடுக்கினால் திருநெல்வேலிக்கு ஊட்டி மாதிரி குளிர்காற்று வந்திருக்கும்.

"நீயும் ஒரு கட்டுரை எழுது. தலைப்பு 'என்னவர்'. ஒரு பக்கம். உனக்குத்தான் நல்லா எழுத வருமே" என்றார் எஸ்.ஈ. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு எழுத வரும் என்று இவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அற்பச் சந்தோஷம் ஒன்று வந்துவிட்டுப் போனது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கட்டுரை முடிந்தது. இவர் கைக்குட்டையை நாலாக மடித்து இஸ்திரி போடுவது, வாங்கிய கேடயங்களைப் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்து சூடம் காட்டுவது, ஆற்றுக்கு அணை கட்டியே காலம் கழித்த மனிதர் அந்த ஆற்றில் ஒருநாளும் கால் நனைக்காதது, எல்லாம் எழுதினேன்.

கடைசியில் ஒன்று எழுதினேன். ஒரு வெள்ளத்தின்போது இவர் பகல் முழுக்க மழையில் மதகில் நின்றார். வீட்டுக்கு வந்து, நனைந்த சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நீர்மட்டம் பார்க்கிற ஊழியர் ஒருவரின் வீடு இவர் கண் முன்னால் போய்விட்டதாம். "தொறக்காம இருந்தா ஊரு போயிருக்கும், உலகு. தொறந்தேன், அவம் வீடு போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் தலையைத் துவட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இவரை ரொம்பப் பிடித்திருந்தது.

அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பாப்பா மைனி வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னளா, எப்பப் பாத்தாலும் ஈரமாவே இருக்கு? எந்தக் கோயில்ல இப்படி முழுக்காட்டுதாவ?" பேச்சை மாற்றிச் சர்க்கரைப் பொங்கலைக் கையில் கொடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். எஸ்.ஈ. இந்த நோட்டைத் தொட மாட்டார். தன் பெயர் அச்சில் வராத எதையும் அவர் வாசித்ததில்லை.

நான் கோயிலுக்குப் போகவில்லை. ஆற்றுக்குப் போகிறேன். ஆவணியிலிருந்து நீச்சல் பழகுகிறேன்.

கூட்டாளி, மரியபுஷ்பம். பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் உதவியாளர், என் வயது, புருஷன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. எங்கள் பேங்க்கில் பாஸ்புக் பதிய வருவாள். பாஸ்புக் பதியும் கவுன்டர் என்னுடையது. இந்த ஊரின் பாதி வம்பு அந்த மெஷின் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஆபீசர் பதவி இரண்டு தடவை வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் என்னிடம் யார் பேசுவார்கள்? எஸ்.ஈ.க்கு அது ஆறாத புண். "கிளார்க்கு பொண்டாட்டி" என்று கல்யாண வீடுகளில் யாரோ முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

முதுகில் காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு பழகினேன். இப்போது கேன் இல்லை. நான் மிதப்பது திறமையால் என்று நினைக்க ஆசைதான். மரியபுஷ்பம் இடுப்பால் என்கிறாள்.

ஆற்றுக்குள் ஒரு கல்மண்டபம் நிற்கிறது. அதன் மேலிருந்து குதிக்க வேண்டும். பொங்கலிலிருந்தே ஏறுகிறேன், நிற்கிறேன், இறங்குகிறேன். இன்றைக்கும் மேலே போய் "முருகா முருகா" என்று நின்றுகொண்டிருந்தேன். கீழே தண்ணீரில் இருந்து மரியபுஷ்பம் கத்தினாள்.

"ஏட்டி, சாமி பேரச் சொன்னா எப்படிக் குதிப்ப? சாமிக்கா பயந்து நிக்க? யாருக்குப் பயந்து நிக்கியோ அவுக பேரச் சொல்லிக் குதி!"

அவள் தன் மாமியார் பெயரைச் சொல்லித்தான் குதிப்பாள். மாமியார் செத்துப் பல வருஷம் ஆகிறது. "செத்தா மட்டும் பயம் போயிருமா?" என்பாள்.

எனக்கு யாரிடமும் பயம் கிடையாது. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். வாயில் எது முதலில் வந்ததோ அதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஏலே குற்றாலிங்கம்ம்ம்!"

என் புருஷன் பெயர் அது. முதல் தடவையாகச் சொல்கிறேன். அதிலும் ஏலே சேர்த்து. தண்ணீருக்குள் போகும்போது சிரித்துவிட்டேன், மூக்கு வழியாகப் பாதித் தாமிரபரணி உள்ளே போய்விட்டது. மேலே வந்து, மறுபடியும் ஏறி, மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும். மரியபுஷ்பம் "போதும்ட்டி, எஸ்.ஈ. நெசமாவே வந்துருவாரு" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

வந்துவிட்டார். அதாவது, வீடியோ வந்துவிட்டது.

எதிர்க்கரையில் எவனோ செல்போனில் எடுத்திருக்கிறான். சுடிதாரும் இடுப்பில் முடிந்த துப்பட்டாவுமாக ஓர் அம்மாள் மண்டபத்திலிருந்து மூட்டை விழுகிற மாதிரி விழுகிறாள். சத்தம் மட்டும் பளிச். ஊரெல்லாம் சுற்றி, "நம்ம சொந்தங்கள்" வாட்ஸப் குழுவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. போட்டவர் எங்கள் சம்பந்தி வீட்டு ஒன்றுவிட்ட சித்தப்பா. "இது நம்ம உலகு மாதிரி இருக்கே" என்று கீழே ஒரு வரி.

எஸ்.ஈ. ஆபீசிலிருந்து மத்தியானமே வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"ஆத்துல குதிச்சியா?"

"ஆமா."

"எம் பேரச் சொன்னியா?"

"ஆமா."

"ஏலேன்னு சொன்னியா?"

குரல் ஒவ்வொரு படியாக ஏறியது. குதித்தது சின்னக் குற்றம், பெயர் நடுத்தரம், ஏலேதான் கொலைக் குற்றம்.

"சீஃப் இஞ்சினியர் போன் பண்ணுதாரு. 'மேடம் நல்லா டைவ் அடிக்காங்களே'ன்னு கிண்டல் பண்ணுதாரு. ரிட்டையர் ஆவுத நேரத்துல, மணிவிழா வச்சிருக்க நேரத்துல, எம் மானத்த ஆத்துல விட்டுட்டியேட்டி!"

அந்த மனிதர் நிஜமாகவே பாராட்டியிருக்கலாம் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. பாராட்டு என்றால் கேடயத்தோடு வரவேண்டும்.

"பத்தாந்தேதி முடியுத வரைக்கும் ஆத்துப் பக்கம் போகக் கூடாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் போகக் கூடாது."

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வழியட்டும் என்று விட்டேன். பிறகு நான்தான் துடைத்தேன். என் கோபத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

போனேன். குதித்தேன். கூப்பிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மலரின் அச்சுப்படி வந்தது. பேராசிரியரே கொண்டுவந்தார். எஸ்.ஈ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தார். நான் காபி கொடுக்கிற சாக்கில் என் பக்கத்தைத் தேடினேன்.

"என்னவர். எழுதியவர்: திருமதி உலகம்மாள், வங்கி முதுநிலை மேலாளர்."

முதுநிலை மேலாளர்! நான் பாஸ்புக் பதிகிறவள். நாளைக்கு எங்கள் மேனேஜர் கையில் இது போனால், அந்தப் பாவம் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிடுவார்.

கீழே படித்தேன். "பண்பின் சிகரமாம் என்னவரின் நிழலில் ஒதுங்கி வாழும் பேறு பெற்றேன்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம். என் சொல் ஒன்றுகூட இல்லை. கைக்குட்டை இல்லை, பிள்ளையார் இல்லை. வெள்ளம் மட்டும் இருந்தது. "பெருவெள்ளத்திலும் கலங்கா நெஞ்சினராய், கற்றூண் போல் நின்று கடமையாற்றினார்."

"சார், இவரு அழுதாருல்லா? அத எழுதியிருந்தேனே" என்றேன்.

பேராசிரியர் நெளிந்தார். "அம்மா, மலர் என்பது ஆவணம். அதுல கண்ணீர்..." என்று எஸ்.ஈ.யைப் பார்த்தார்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன். சாதனை மலர்ல எவனாவது அழுதத எழுதுவானா? கீழ வேல பாத்தவம்லாம் படிப்பான்" என்றார் இவர்.

காபி தட்டில் சிந்தியது. என் பெயருக்குக் கீழே பொய்ப் பதவி போட்டதைக்கூட விடுங்கள். இந்த மனுஷரோடு வாழ்ந்ததில் நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு நாள். அதை ஒரு சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கல்தூணை நட்டிருக்கிறார். என்னை ஒரு தூணுக்கு மறுபடியும் கட்டிவைக்கப் போகிறார்கள். தூணும் முதுநிலை மேலாளரும் மாலை மாற்றிக்கொள்வார்கள். நானும் அடுப்படியில் அழுத அந்த ஆளும் எங்கே போவது?

ஜனவரி 27, திங்கள்

ஜவுளிக் கடையிலிருந்து அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் வந்தது. அளவு ஜாக்கெட் கேட்கிறார்கள். சம்மதம் கேட்கவில்லை.

சாயங்காலம் எஸ்.ஈ. முன்னால் போய் உட்கார்ந்தேன். நிற்கவில்லை, உட்கார்ந்தேன்.

"பத்தாந்தேதி எனக்குத் தாலி கெட்டப் போறீய. எங்கிட்டக் கேட்டீயளா?"

"என்னத்தக் கேக்கணும்?"

"என்னக் கெட்டிக்கிடுதியான்னு."

சிரித்தார். "வீடியோல தண்ணி தலைக்கு ஏறிட்டுது போல. நீ எம் பொஞ்சாதிதானட்டி? கேக்கதுக்கு என்ன இருக்கு?"

"பொஞ்சாதின்னா அப்பம் எதுக்கு இன்னொரு தாலி? நடந்துக்கிட்டிருக்க கடைக்குத் திரும்பவும் தொறப்புவிழா வைக்கீய. நான் என்ன, ரிப்பனா? மொத தடவ எங்க அப்பாட்டக் கேட்டீய. அப்பா சரின்னாவ, நான் தலையக் குனிஞ்சேன். இப்பம் அப்பா இல்ல. எங்கிட்டதான் கேக்கணும்."

"கேட்டா இல்லன்னு சொல்லுவியா?"

"கேட்டாத்தான தெரியும்."

சிரிப்பு நின்றது. பேப்பரை எடுத்தார். தலைகீழாக எடுத்திருந்தார், நான் சொல்லவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

மகன் அகிலன் டாலஸிலிருந்து பேசினான். "அம்மா, டிக்கெட் போட்டாச்சும்மா. இப்பப் போயி ஏம்மா சீன் போடுதீங்க? அப்பாவுக்கு இது லைஃப்டைம் அச்சீவ்மென்ட் மாதிரிம்மா."

"யாரோட லைஃப்புல?" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. நான்தான் கட் செய்தேன். அமெரிக்காவில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெண் கேட்டு வந்துவிட்டார்கள்!

பாப்பா மைனியும் பேராசிரியரும். தாம்பாளத்தில் வெற்றிலை, ஆப்பிள், பூ. எங்கள் வீட்டிலிருந்து பின்பக்கமாகக் கிளம்பி, தெருவைச் சுற்றி, முன்பக்கமாக எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மாப்பிள்ளை மாடியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சத்தம் கேட்டது.

"ஏளா உலகு, கேக்கணும்னியாம்லா. கேட்டாச்சு. சந்தோசமா? எடுத்துக்க" என்று தட்டை நீட்டினாள் மைனி.

"மாப்பிள்ள வரலியா மைனி?"

"அவன் ஆம்பள, வருவானாளா?"

"அப்பம் தாலியும் நீங்களே கெட்டிருங்க."

மைனி தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். "மூதி! அறுபது வயசுல ஒரு ஆம்பளய அலைய வைக்கியே, நல்லாருப்பியா நீ? எங்க வீட்டு அத்தானுக்கு நாப்பத்தெட்டுல நெஞ்சு வலி வந்து போயிட்டாவ. எனக்கு அறுபதாங் கல்யாணம்னு ஒண்ணு பாக்கக் குடுத்து வைக்கல. உனக்குக் கெடச்சிருக்கு, நீ பவுசு பண்ணுத."

இது தைத்தது. மைனி திட்டினால் திருப்பித் திட்டலாம். அவளோ கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மைனி, அத்தான் உங்ககிட்டக் கேக்காம ஏதாச்சும் செஞ்சிருக்காவளா?"

யோசித்தாள். "புளி வாங்கக்கூட கேட்டுட்டுத்தான் போவாவ" என்றாள். பிறகு மாடியைப் பார்த்தாள். பிறகு ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தாள். பேராசிரியர் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிப்ரவரி 5, புதன்

குழம்பில் உப்பு போட மறந்தேன். மறந்தேன் என்றே எழுதுகிறேன். எஸ்.ஈ. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். இவர் எதையும் கேட்க மாட்டார், உப்பைக்கூட.

பிப்ரவரி 8, சனி

தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி மரியபுஷ்பத்திடம் கேட்டேன். "நான் செய்யது அடாவடியாட்டி?"

"அடாவடிதான். அதுக்கென்ன?" என்றாள். பிறகு, "அவுக கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள்.

நான் முங்கிவிட்டேன்.

இங்கே எழுதலாம். இவர் கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். யாரும் இல்லாத நேரம், அடுப்படிக்கு வந்து, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பயத்தோடு, ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். "சரி" என்று தண்ணீருக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். குமிழியாகப் போனது. இத்தனை வீறாப்புக்கும் பின்னால் இந்த ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறேன். வெட்கம் கெட்டவள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்கவில்லை. இரண்டு தடவை அடுப்படி வாசல் வரை வந்தார். ஒரு தடவை "தண்ணி" என்றார். இன்னொரு தடவை ஒன்றும் சொல்லாமல் போனார்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போய்விட்டேன். போகாமல் இருந்தால் உடம்புக்குச் சரியில்லை என்று கதை கட்டியிருப்பார்கள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, எல்லா நகையும். போய் இரண்டாவது வரிசையில், விருந்தாளிகளோடு உட்கார்ந்தேன். சந்தனம் கொடுத்தார்கள், பூசிக்கொண்டேன். கல்கண்டு கொடுத்தார்கள், தின்றேன். வாசலில் எங்கள் இரண்டு பேர் படம் போட்ட பேனர். அதில் என் முகத்தை யாரோ வெள்ளையாக்கி, இளமையாக்கி, வேறு யாரோவாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் வேண்டுமானால் தாலி கட்டிக்கொள்ளட்டும்.

மேடையில் எஸ்.ஈ. பட்டு வேட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து மணை காலி. கலசங்கள் வரிசையாக இருந்தன. ஹோமப் புகை. அகிலன் வந்து காதோரம் குனிந்து, "அம்மா, ப்ளீஸ்மா" என்றான். "உக்காருலே, நல்ல இடம், மேடை நல்லாத் தெரியுது" என்றேன்.

ஐயர் எட்டிப் பார்த்து, "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ, நாழியாறது" என்றார்.

நாதஸ்வரம் நின்றது. மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. சீஃப் இஞ்சினியர் முதல் வரிசையிலிருந்து திரும்பினார். பாப்பா மைனி என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். "போய்க் கேளேண்டா" என்று மைனி உதடு அசைந்தது.

எஸ்.ஈ. எழுந்தார். மணையை விட்டு இறங்கினார். மேடைப் படியில் இறங்கி வந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐம்பத்து நாலு வயதுக் கழுதைக்கு, பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடித்த மாதிரி அடித்தது. மடியில் இருந்த அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாருங்கள், நின்று, மெதுவாகக் கேளுங்கள்.

பாதி வழியில் நின்று, பேராசிரியரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

வீடியோக்காரன் விளக்கை அடித்தான். எஸ்.ஈ. சட்டென்று கேமராப் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, ஆண்டு விழாவில் பேசுகிற அந்தச் சிரிப்பைப் போட்டுக்கொண்டார்.

"எனது சாதனைகள் அனைத்திற்கும் உறுதுணையாக நின்ற, வங்கி முதுநிலை மேலாளர், திருமதி உலகம்மாள் அவர்களே! இந்த நன்னாளில், இந்தப் பெருமக்கள் முன்னிலையில், உங்களைக் கேட்கிறேன். என் கரம் பற்றச் சம்மதமா?"

கைதட்டல். "ஆகா" என்றார்கள். சீஃப் இஞ்சினியர் எழுந்து நின்று தட்டினார். எஸ்.ஈ.யின் கண் இன்னும் கேமராவில்தான் இருந்தது.

தொண்டையில் இருந்த சொல் திரும்ப இறங்கிப் போனதை நான் உணர்ந்தேன். அந்த இடத்தில் சூடாக வேறொன்று ஏறியது. முதுநிலை மேலாளரைக் கேட்கிறார். அந்த அம்மாள் இந்த மண்டபத்திலேயே இல்லை. இருப்பது நான். என்னை இவர் இன்னும் கேட்கவில்லை. கேட்ட மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதையும் மலரில் போடுவார்கள், இரண்டாம் பதிப்பில்.

எழுந்து போய் மைக்குக்குக் கை நீட்டினேன். சிரித்தபடியே கொடுத்தார்.

"மாப்பிள்ளையப் பாத்தோம். எல்லாம் சந்தோசம்" என்றேன். என் குரல் மண்டபத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "ஊருக்குப் போயிக் கடுதாசி போடுதோம்."

முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு வெடித்தது. கேசரியும் பஜ்ஜியும் தின்று, பாடச் சொல்லிக் கேட்டு, நடக்கச் சொல்லிப் பார்த்து, அப்புறம் இதே வாசகத்தைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போன மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள் அத்தனை பேரும். அப்புறம் ஆண்கள் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்தார்கள். எஸ்.ஈ.யும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் போக இடம் தெரியாமல் நின்றது.

மைக்கைப் பேராசிரியர் கையில் கொடுத்தேன். நேராகப் பந்திக்குப் போனேன். முதல் பந்தி. பக்கத்து இலையில் பாப்பா மைனி வந்து உட்கார்ந்தாள். பாயசம் வந்தபோது, "இவளுக்கு இன்னொரு கரண்டி ஊத்துப்பா" என்றாள்.

நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஐயர் குரல் கேட்டது. "பரவால்லை, இவருக்கு மட்டும் ஆயுஷ் ஹோமத்தை முடிச்சுடலாம். மாங்கல்யத்தை அம்பாள் படத்தண்ட வச்சுடுங்கோ. அப்புறம் பாத்துக்கலாம்." கலசத் தண்ணீரை எஸ்.ஈ. தலையில் மட்டும் ஊற்றினார்கள். தனியாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கதவருகே கொஞ்சம் நின்று பார்த்தேன். துண்டு எடுத்துக்கொண்டு போகக் கால் கிளம்பியது. கிளம்பிய காலை வாசல் பக்கம் திருப்பினேன்.

அரக்குப் பட்டோடு டவுன் பஸ் ஏறி மரியபுஷ்பம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அவளுடைய நைட்டியைக் கொடுத்தாள். எனக்கு இரண்டு அளவு சின்னது. எழுதும்போது கை தூக்க முடியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பேங்க்குக்கு லீவு சொன்னேன். மேனேஜர், "அம்மா, நீங்க முதுநிலை மேலாளர்னு புக்குல போட்டிருக்கு, நான் லீவு தரலாமா?" என்றார். நல்ல மனிதர்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. இவருடைய நம்பர். வழக்கமாக மைனி பேசுவாள், அல்லது அகிலன், அல்லது ஆபீஸ் பியூன்.

"நாந்தான்" என்றார். மூக்கு அடைத்திருந்தது, ஈரத்தலையோடு உட்கார வைத்திருப்பார்கள். தும்மினார்.

"கேமரா எதுவும் இல்லையே?" என்றேன். கோபம் அப்படியேதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"இல்ல. அடுப்படில நிக்கேன். அக்கா ஊருக்குப் போயிட்டா." இன்னொரு தும்மல். "கடுதாசி எப்பம் வரும்?"

"மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுதாவ எங்க வீட்டுல."

"தெரியாது."

"பாடத் தெரியுமா?"

"தெரியாது."

"வேற என்னதான் தெரியும்?"

பதில் வரவில்லை. போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. வாயைத் திறந்துவிட்டு மூடுகிற சத்தம் கேட்டது. பட்டியலே போட்டு வைத்திருக்கிற மனிதர், ஒன்றைக்கூட எடுத்துச் சொல்லாமல், நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தது.